பள்ளியில் பிள்ளையைச் சக மாணவர்கள் கொடுமைப்படுத்தினால்: முதல் இரவிலிருந்து அடுத்த ஜூன் வரை

என் மகன் ஏழாம் வகுப்புப் படித்தபோது, அவனுடைய தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பிய அளவிலேயே மாலையில் திரும்பி வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் கழிப்பறைக்கு ஓடுவான். தண்ணீர் குடிக்கக்கூடச் சோம்பேறித்தனமா என்று இரண்டு மாதம் திட்டினேன். பள்ளிக் கழிப்பறையில் மூன்று பேர் அவனை உள்ளே வைத்துத் தாழிட்டுக் கதவை உதைத்துச் சிரிப்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பக்கமே போக வேண்டியிருக்கக் கூடாது என்று அவன் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தான்.

அந்த ஆண்டு நான் பல தவறுகள் செய்தேன். பின்னர் அதே பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகி, இதே போன்ற புகாரோடு வந்த பெற்றோர் பலருடன் தலைமையாசிரியர் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் செய்ய நினைத்தது பெரும்பாலும் சரியான காரியம்தான். வரிசையைத்தான் மாற்றிவிட்டார்கள். நான்காவதாகச் செய்ய வேண்டியதை முதல் நாளே செய்தால், மற்ற மூன்றையும் செய்யவே முடியாமல் போய்விடும்.

தொடங்கும் முன் சில பொருள்கள் வேண்டும்: ஒரு 100 பக்க நோட்டு, தேதி சரியாக இருக்கும் கைபேசி, பள்ளி நாட்குறிப்பேடு, பிள்ளையின் வகுப்புக் கால அட்டவணை. கால அட்டவணை எதற்கு என்பது மூன்றாம் படியில் தெரியும்.

1. முதல் இரவு: கேளுங்கள், வாக்குக் கொடுக்காதீர்கள்

பிள்ளை வாயைத் திறந்த அந்த அரை மணி நேரம் மறுபடி கிடைக்காது. அதைக் கேள்விகளால் நிரப்பாதீர்கள். "நீ என்ன செய்தாய்?", "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்ற இரண்டு கேள்விகளும் கூடவே கூடாது. முதலாவது அவனைக் குற்றவாளியாக்கும். இரண்டாவது, சொன்னதே தவறு என்று அவனுக்குத் தோன்றச் செய்யும்.

எதிரே உட்கார வைத்து விசாரித்தால் பேச்சு வராது. பாத்திரம் துலக்கும்போதும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதும் தானாக வரும். "அப்புறம்?" என்பதற்கு மேல் நீங்கள் எதுவும் பேச வேண்டாம்.

"யாரிடமும் சொல்லாதே அம்மா" என்று கேட்பான். சரி என்று சொல்லிவிடாதீர்கள். மீற வேண்டிய நாள் வரும். "உன்னிடம் சொல்லாமல் எதுவும் செய்ய மாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அதைக் காப்பாற்ற முடியும்.

இந்த இடத்தில் அப்பாக்கள் வழக்கமாகச் சொல்வது: "திருப்பி ஒன்று கொடு." என் கணவரும் சொன்னார். திருப்பி அடிக்க முடிகிற பிள்ளையை அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டார்கள். அந்த அறிவுரைக்குப் பிறகு பிள்ளையின் தலையில் இரண்டு தோல்விகள்: அங்கே அடி வாங்கியது ஒன்று, வீட்டில் சொன்னதைச் செய்ய முடியாதது இன்னொன்று. அதன் பிறகு அவன் உங்களிடம் சொல்ல மாட்டான்.

2. மறுநாள் காலைக்குள்: இது எந்த வகை என்று பிரியுங்கள்

சண்டைக்கும் கொடுமைக்கும் வேறுபாடு உண்டு. பேனாவுக்காக இருவர் அடித்துக்கொண்டு மறுநாள் ஒன்றாகச் சாப்பிட்டால் அது சண்டை. ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்ப, அவனால் எதிர்க்க முடியாத பலத்தோடு நோகடித்தால் அது கொடுமை. பலம் என்பது உடம்பு மட்டுமில்லை. எண்ணிக்கை, சாதி, பணம், "லீடர்" பதவி, ஆசிரியரின் செல்லம் எல்லாமே பலம்தான். பெண் பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் ஓசையில்லாமல் நடக்கும்: டிபன் பாக்ஸைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, சாட்சியும் இல்லை.

கீழே உள்ள நான்கில் ஏதாவது ஒன்று இருந்தால், இந்த வழிகாட்டியின் நிதானமான வரிசை உங்களுக்குப் பொருந்தாது.

பாலியல் தொடுகை, உடை அவிழ்ப்பு, அப்படிப்பட்ட படம் எடுத்தல்: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விவரம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தலைமையாசிரியர் "நாமே பேசி முடித்துக்கொள்ளலாம்" என்றால், மறைப்பது அவருக்கே தண்டனை தரும் குற்றம் என்று சொல்லுங்கள். பிள்ளையை நிலையத்துக்கு அழைத்துப்போகத் தேவையில்லை. வாக்குமூலம் வாங்கச் சீருடை இல்லாமல் வீட்டுக்கு வர வேண்டும் என்பது சட்டம்.

ஆயுதம் அல்லது பலத்த காயம்: முதலில் மருத்துவமனை. அரசு மருத்துவமனையில் "பள்ளியில் சக மாணவர்கள் தாக்கினார்கள்" என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் பதிய வையுங்கள். "கீழே விழுந்துவிட்டான்" என்று சொல்லிவிட்டுப் பிறகு மாற்றினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்துதல்: பிள்ளை பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர் என்றால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பயன்படுத்திய சொற்களை அப்படியே எழுதிவையுங்கள். நாகரிகம் கருதி "தகாத வார்த்தை" என்று எழுதினால் வழக்கின் உயிரே போய்விடும்.

"செத்துப் போகலாம் போலிருக்கிறது" என்ற பேச்சு: மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் எண்ணம் முளைக்காது. தனியே விடாதீர்கள். எலி பேஸ்ட், பூச்சி மருந்து, மாத்திரைகளை வீட்டிலிருந்து அகற்றுங்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழில் பேசலாம். பள்ளிக்கு மனு எழுதுவதெல்லாம் அடுத்த நாள் வேலை.

3. ஏழு நாள் நோட்டு

மற்ற நிலைமைகளில் ஒரு வாரம் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், யார், என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள், பிறகு பிள்ளை என்ன செய்தான். ஒரு சம்பவத்துக்கு நான்கு வரி போதும். உங்கள் கோபத்தை அதில் எழுதாதீர்கள்; பின்னால் நகல் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் கால அட்டவணை வேண்டும். எழுதியதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் மகனுடைய நோட்டில் ஆறு சம்பவங்கள் இருந்தன. நான்கு, விளையாட்டு வகுப்பு முடிந்து அடுத்த ஆசிரியர் வரும் வரையிலான சில நிமிடங்களில் நடந்தவை. மூன்றாம் வகுப்பறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே உள்ள நடைபாதையில், ஆள் இல்லாத நேரம். "என் பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று போனால் பள்ளி விசாரிக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிடும். "செவ்வாயும் வியாழனும் நான்காம் பாடவேளை முடிந்ததும் அந்த நடைபாதையில் ஒருவரை நிற்கச் செய்யுங்கள்" என்று கேட்டால் மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

கிழிந்த சட்டையைத் துவைக்கும் முன் படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த கேலிப் படம், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு அந்த எண்ணைத் தடை செய்யுங்கள். பல பெற்றோர் ஆத்திரத்தில் முதலில் அழித்துவிட்டுப் பிறகுதான் என்னிடம் வந்தார்கள். இணையத்தில் படம் பரவினால் 1930 என்ற எண்ணும், தேசிய இணையக் குற்றப் புகார்த் தளமும் இருக்கின்றன.

4. அதே வாரத்தில்: பிள்ளையின் உடம்பையும் மனத்தையும் கவனியுங்கள்

புகார் வேலையில் மூழ்கி இந்தப் படியைத் தாண்டிவிடுகிறவர்களே அதிகம். பள்ளி நடவடிக்கை எடுத்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நிமிரும்போது பிள்ளை ஒன்பது கிலோ இளைத்திருப்பான்.

ஞாயிறு இரவு தலைவலி, திங்கள் காலை வயிற்றுவலி, விடுமுறையில் எதுவும் இல்லை என்றால் அது நடிப்பில்லை. வலி உண்மையாகவே இருக்கும். பத்து வயதுக்கு மேல் மறுபடி படுக்கையை நனைப்பது, தூக்கத்தில் பேசுவது, விருப்பமான விளையாட்டை விடுவது, தம்பி தங்கையை அடிப்பது, கேட்காமல் பணம் எடுப்பது இவற்றையும் நோட்டில் எழுதுங்கள். பணம் காணாமல் போனால் திருட்டு என்று முடிவு கட்டும் முன், அவனிடம் யாரோ "வசூல்" செய்கிறார்களா என்று பாருங்கள்.

"வளர்ந்தால் சரியாகிவிடும், நாங்கள் படாததா?" என்று பாட்டி தாத்தா சொல்வார்கள். பிரிட்டனில் 1958ஆம் ஆண்டு ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை ஆய்வாளர்கள் ஐம்பது வயது வரை தொடர்ந்தார்கள். 7, 11 வயதுகளில் அடிக்கடி கொடுமைக்கு ஆளானவர்களிடம் ஐம்பதிலும் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன. பேரப் பிள்ளை எடுக்கும் வயது வரை நீளக்கூடிய காயத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆலோசனைக்கு அழைத்துப்போவது பெரிய செலவில்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இது இலவசம். "பைத்தியம் என்று பெயர் வந்துவிடும்" என்று தயங்கினால், வலிக்குக் காரணம் தேடிக் குழந்தை மருத்துவரிடம் தொடங்குங்கள். அவரே வழி காட்டுவார்.

ஒரு நண்பனையாவது தேடித் தாருங்கள். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம் பிடித்து ஆராய்ந்தபோது, சக மாணவர் ஒருவர் குறுக்கிட்டால் பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. பெரிய வீரன் வேண்டாம். "வாடா, போகலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துப்போகிற ஒருவன் போதும். அவனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துத் தோசை ஊற்றிக் கொடுங்கள்.

5. வகுப்பாசிரியர்: பிள்ளை இல்லாமல், நேரம் கேட்டுக்கொண்டு

நேராகத் தலைமையாசிரியரிடம் போகாதீர்கள். அவர் முதல் வேலையாக வகுப்பாசிரியரைக் கூப்பிட்டு "உன் வகுப்பில் என்ன நடக்கிறது?" என்று கேட்பார். அந்த நிமிடத்திலிருந்து வகுப்பாசிரியர் தன்னைக் காத்துக்கொள்ளப் பேசுவார். உங்கள் பிள்ளையோடு நாள் முழுக்க இருக்கப் போகிறவரை எதிரியாக்கிவிட்டு வீடு திரும்புவீர்கள்.

மணி அடிக்கும் நேரத்தில் வாசலில் மடக்காமல், நாட்குறிப்பேட்டில் எழுதி நேரம் கேளுங்கள். அப்படிக் கேட்டதே ஒரு பதிவாகிவிடும். பிள்ளையை அழைத்துப்போகாதீர்கள், ஆசிரியர் அறைக்குள் அவன் நுழைவதைப் பார்த்ததுமே "போட்டுக் கொடுத்துவிட்டான்" என்று வகுப்பு பேசும். நோட்டின் நகலைக் கொடுத்துவிட்டு மூன்றே விஷயங்கள் கேளுங்கள்: இடம் மாற்றி உட்கார வைப்பது, ஆளில்லாத அந்த இடத்தில் கண் வைப்பது, பத்து நாள் கழித்து மறுபடி சந்திப்பது.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைப்பது வேண்டாம். சண்டைக்கு அது பொருந்தும். கொடுமைக்குப் பொருந்தாது, சிரித்துக்கொண்டே கை கொடுப்பவன் விரலை நசுக்கிவிட்டுப் போவான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கண்டிப்பதும் வேண்டாம்.

6. எழுத்தில் மனு

பத்து நாளில் மாற்றம் இல்லையென்றால் தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். வாயால் சொன்ன புகாருக்குப் பள்ளியில் ஆயுள் ஒரு வாரம். ஆசிரியர் மாறுதலாகிப் போனால் அதுவும் இல்லை.

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு: "என் மகன் / மகள் ___, ___ஆம் வகுப்பு ___ பிரிவு. ___ தேதி முதல் ___ தேதி வரை கீழ்க்கண்ட ஆறு சம்பவங்கள் நடந்துள்ளன. ___ தேதியன்று வகுப்பாசிரியரிடம் தெரிவித்தேன். கீழ்க்கண்ட பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்து, எடுத்த நடவடிக்கையை ஏழு வேலை நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." சம்பவங்களுக்குத் தேதி மட்டும் போதும், விவரம் இணைப்பில். தண்டனை கேட்காதீர்கள், பாதுகாப்பைக் கேளுங்கள். "அந்தப் பையனை டி.சி. கொடுத்து அனுப்புங்கள்" என்று எழுதிய மனுக்கள் எல்லாம், அது முடியாது என்ற ஒற்றை வரியோடு மூடப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை போடாதீர்கள். அஞ்சலகம் போய் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.

அரசுப் பள்ளி என்றால் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் முன் வைக்கும்படியும், மேலாண்மைக் குழுத் தலைவருக்கு ஒரு நகல் தரும்படியும் கேளுங்கள். "மாணவர் மனசு" பெட்டியில் பிள்ளையே எழுதிப் போடலாம். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால், கொடுமைத் தடுப்புக் குழு அமைக்கச் சொல்லி அந்த வாரியம் 2015ஆம் ஆண்டே அறிவுறுத்தியிருக்கிறது. குழுவில் யார் யார் என்று மனுவிலேயே கேளுங்கள். குழு இல்லாத பள்ளிகள் அந்தக் கேள்வியைப் பார்த்த பிறகுதான் அமைக்கின்றன.

7. மனு கொடுத்த மறுநாள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மனு பள்ளிக்குள் போன நிமிடத்திலிருந்து முதல் இரண்டு வாரம்தான் பிள்ளைக்கு மிக ஆபத்தான காலம். எதிர்த்தரப்புப் பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். அந்த வீட்டில் அடி விழுந்திருக்கும். அது மறுநாள் உங்கள் பிள்ளை மேல் இறங்கும்.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கும். சாதியின் பெயரால் சக மாணவர்களிடம் தொல்லைக்கு ஆளான பிளஸ் டூ மாணவர் பள்ளிக்கு வருவதை நிறுத்தினார். பள்ளி காரணம் கேட்டது, சொன்னார். சொன்ன சூடு ஆறுமுன் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கையையும் விடவில்லை. எல்லாப் புகாரும் அங்கே போய் முடியாது. ஆனால் சாதியோ உள்ளூர்க் கும்பலோ சம்பந்தப்பட்டிருந்தால், மனுவைக் கொடுக்கும் அன்றே காவல் நிலையத்திலும் தெரிவித்துவிடுங்கள்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது: இரண்டு வாரம் நீங்களோ நம்பிக்கையான பெரியவரோ கொண்டுவிட்டு அழைத்துவாருங்கள். பஸ்ஸில் போகும் பிள்ளை என்றால் ஓட்டுநருக்குப் பின் இருக்கை. உணவு இடைவேளையில் பிள்ளை எங்கே இருப்பான், ஏதாவது நடந்தால் எந்த ஆசிரியரிடம் ஓடுவான் என்பதைப் பெயரோடு முடிவு செய்யுங்கள். "யாராவது ஒரு மிஸ்ஸிடம் சொல்" என்றால் யாரிடமும் சொல்ல மாட்டான்.

அந்த மாணவனைப் பள்ளி வாசலில் நீங்கள் பிடித்து மிரட்டாதீர்கள். ஒரு தந்தை காதைத் திருகினார்; மறுநாள் அவர்மீதே புகார் வந்தது, மகளின் மனு ஆறு வாரம் கிடப்பில் போனது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பையனின் பெயரையோ படத்தையோ போடாதீர்கள். குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம்.

8. பள்ளி அசையவில்லை என்றால்

ஏழு வேலை நாள் முடிந்ததும் 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை எண்ணில் அழைத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு; தனியார் பள்ளிகளுக்குத் தனி அலுவலர் உண்டு. அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். ஒவ்வொரு மனுவிலும் முந்தைய மனுவின் முத்திரையிட்ட நகலை இணையுங்கள். ஒரே நாளில் முதலமைச்சர் வரை பத்து இடத்துக்கு அனுப்பினால், பத்தும் சுற்றிக் கீழே அதே தலைமையாசிரியர் மேசைக்குத்தான் வந்து சேரும்.

பிள்ளையின் பாதுகாப்பே கேள்வி என்றால் இந்த ஏணியில் ஏற வேண்டாம்: 1098 என்ற குழந்தைகள் உதவி எண், இரவு பகல் எந்நேரமும். அவர்கள் வழியாகக் குழந்தைகள் நலக் குழுவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் தலையிடும். மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம்.

காவல் நிலையத்தில் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். எல்லா நிலையத்திலும் ஒருவர் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு 18 வயதுக்குட்பட்டவர் என்றால், கொடிய குற்றம் தவிர மற்றவற்றுக்கு முதல் தகவல் அறிக்கை போடாமல் பொது நாட்குறிப்பில் பதிந்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவதுதான் விதி. "எஃப்.ஐ.ஆர். போட மறுக்கிறார்கள்" என்று நிலைய வாசலில் நாள் முழுக்க மல்லுக்கட்டும் பெற்றோர் இதை அறிந்திருப்பதில்லை. மனு ஏற்புச் சீட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

9. பள்ளியை மாற்றலாமா?

மாற்றலாம், தோல்வி என்று எண்ண வேண்டாம். ஆனால் பிள்ளை கேட்டால் மாற்றுங்கள், உங்கள் மானத்துக்காக மாற்றாதீர்கள். மனு கொடுக்காமல் மாற்றுவதுதான் தவறு. அந்த மூவரும் அடுத்த பிள்ளையைத் தேடிக்கொள்வார்கள், உங்கள் பிள்ளையோ தான்தான் ஓட வேண்டியவன் என்று கற்றுக்கொள்வான்.

10. எப்போது நோட்டை மூடுவது

பள்ளி "தீர்ந்துவிட்டது" என்று சொல்லும் நாளில் மூடாதீர்கள். கொடுமை முதலில் நிற்பதில்லை, இடம் மாறும்: வகுப்பறையிலிருந்து பஸ்ஸுக்கு, பஸ்ஸிலிருந்து கைபேசிக்கு. ஒரு முழுப் பருவம், அதாவது மூன்று மாதம் வரை வாரம் ஒரு வரியாவது எழுதுங்கள். எங்கள் வீட்டில் பாட்டில் பாதி காலியாகத் திரும்ப ஐந்து வாரம் ஆனது. முழுதும் காலியானது தைப்பொங்கல் விடுமுறை கழிந்துதான்.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, நாங்கள் அதில் கோட்டைவிட்டோம். ஜூனில் புது வகுப்புக்குப் பிரிவு பிரிக்கும்போது பழைய கதை யாருக்கும் நினைவில் இராது. புது வகுப்பாசிரியர் உயரத்தைப் பார்த்து அதே மூவரில் ஒருவனை உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைப்பார். ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மூடும் முன்பே, பழைய மனுவின் நகலை இணைத்து, வேறு பிரிவு கேட்டு ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.